நாயோடு ஆர்.வி.யில் யூட்டா, அரிசோனா தேசியப் பூங்காக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன், மனைவி, ஒரு நாய். லாஸ் வேகஸில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வீட்டுவண்டி) எடுத்து ஸையன், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், மோவாப் ஊர்ப் பக்கத்தில் ஆர்ச்சஸ், பிறகு கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு, மறுபடி லாஸ் வேகஸ். ஏறக்குறைய 1,200 மைல் வரும் இந்தச் சுற்றை மனதில் வைத்தே கீழேயுள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நிதானமாகப் போக 14 நாள் வேண்டும். 10 நாளில் முடிக்கலாம், ஆனால் பாதிப் பொழுது ஓட்டுவதிலேயே போய்விடும், நாயும் சோர்ந்துவிடும். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

தேசியப் பூங்காவுக்குள் நாயை விடுவார்களா?

விடுவார்கள். ஆனால் வண்டி போகிற இடம்வரைதான் நாயும் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை, வண்டி நிறுத்துமிடம், முகாம், சில தார்ப்பாதைகள். மண் தடங்களில் இறங்க இந்தப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஷட்டில் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள். வார் 6 அடிக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. இது எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான விதி. இழுத்தால் நீளும் வகை வாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மரத்திலோ மேசைக்காலிலோ நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நகர்வதும் குற்றம்.

6 அடி என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1981 ஜூலையில் யெல்லோஸ்டோனில் ஒரு நாய் வண்டியிலிருந்து தப்பி ஓடி, கொதிநிலையை நெருங்கிய வெந்நீர் ஊற்றில் குதித்தது. அதைக் காப்பாற்றத் தலைகுப்புறப் பாய்ந்த இளைஞரும் இறந்தார், நாயும் இறந்தது. இந்தச் சுற்றில் வெந்நீர் ஊற்று கிடையாது. அதற்குப் பதில் பல நூறு அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் விளிம்புகள் இருக்கின்றன. அணில் பின்னால் பாய்கிற நாய் விளிம்பைப் பார்ப்பதில்லை.

இந்த ஐந்து பூங்காக்களில் நாய் எங்கெல்லாம் நடக்கலாம்?

ஸையனில் பாரூஸ் என்கிற ஒரே தடம். தகவல் மையத்தில் தொடங்கி ஆற்றை ஒட்டிப் போகிறது, ஒரு வழி 1.7 மைல், முழுக்கத் தளம் போட்டது. மிதிவண்டிகளும் அதே பாதையில் வரும். நிழல் குறைவு, ஆகவே காலை 8 மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

பிரைஸ் கேன்யனில் சன்ரைஸ் முனைக்கும் சன்செட் முனைக்கும் இடையே அரை மைல் தார்ப்பாதை. சின்னதுதான், ஆனால் அந்தப் பூங்காவின் முக்கியக் காட்சி முழுவதும் அங்கிருந்தே தெரியும். தளம் போட்ட மற்றப் பார்வை மேடைகளிலும், மிதிவண்டிகளுக்குப் பொதுவான தார்ப்பாதையிலும் நடக்கலாம். கீழே செம்பாறைத் தூண்களுக்குள் இறங்கக் கூடாது.

கேப்பிடல் ரீஃப் கொஞ்சம் தாராளம். ஃப்ரூட்டா முகாமிலிருந்து தகவல் மையம்வரையுள்ள பாதை, ஃப்ரீமான்ட் ஆற்றோரத் தடத்தின் முதல் பகுதி, வேலி போடாத பழத்தோட்டங்கள், எல்லாம் திறந்திருக்கின்றன. அந்தத் தோட்டங்கள் பழைய குடியேறிகள் நட்டவை. மர நிழலில் நாய் படுத்துக் கிடக்க, நாமும் உட்கார்ந்திருக்க, இந்தச் சுற்றிலேயே இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆர்ச்சஸ்தான் மிகக் கடுமை. எந்தத் தடமும் இல்லை, பார்வை மேடைக்குப் போகும் சிறு தடம்கூட இல்லை. சாலையும் வண்டி நிறுத்துமிடமும் முகாமும் மட்டும்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் ஈடுகட்டிவிடும். விளிம்பை ஒட்டிய ரிம் தடம் ஏறக்குறைய 13 மைல், அதில் நாயோடு நடக்கலாம். விளிம்புக்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. ஆகவே இந்தப் பூங்காவைப் பயணத்தின் முடிவில் வையுங்கள். நாய்க்கும் அதுதான் நிறைவான இடம்.

அப்படியானால் நாய்க்கு நல்ல நடை எங்கே கிடைக்கும்?

பூங்கா எல்லையைத் தாண்டினால் போதும். தேசியக் காடுகள், மாநிலப் பூங்காக்கள், பொது நில மேலாண்மைத் துறையின் நிலங்கள் மூன்றும் நாயைப் பெரும்பாலும் வரவேற்கின்றன. மண்ணும் பாறையும் அதே நிறம்தான்.

பிரைஸுக்கு மேற்கே 12ஆம் எண் சாலையிலேயே வரும் ரெட் கேன்யன் டிக்ஸி தேசியக் காட்டைச் சேர்ந்தது. பிரைஸில் இறங்க முடியாத அதே மாதிரிச் செந்தூண்களுக்கு நடுவே இங்கே நாயோடு நடக்கலாம். பிரைஸுக்குக் கிழக்கே கோடக்ரோம் பேசின் மாநிலப் பூங்கா. கனாப் பக்கத்தில் கோரல் பிங்க் மணல்மேடுகள் மாநிலப் பூங்கா, மணல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் மட்டும். மோவாப் அருகே டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவின் நடைத்தடங்களில் அனுமதி உண்டு, மலைமிதிவண்டித் தடங்களில் இல்லை. மோவாப்பிலேயே கிராண்ட்ஸ்டாஃப் கேன்யன் தடம் ஓடையை மாற்றி மாற்றிக் கடந்து போகும், நாய்கள் அதை விட்டு வரவே மனமில்லாமல் வரும். அதன் முடிவில் பாறைப்பாலத்தடியில் நச்சுக்கொடி அடர்ந்திருக்கிறது. நாயின் உடலில் மயிர் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த எண்ணெயை மயிரில் சுமந்துவந்து உங்கள் கையிலும் படுக்கையிலும் தேய்த்துவிடும். அங்கே வாரைச் சுருக்கிப் பிடியுங்கள்.

இரவைப் பூங்காவில் கழியுங்கள், நாயின் நடையைப் பக்கத்து நிலத்தில் வையுங்கள். இதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

நாங்கள் பெரிய தடங்களில் ஏறும்போது நாய் எங்கே இருக்கும்?

இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதில் இதுதான் மையக் கேள்வி. ஒவ்வொரு நாளுக்கும் "மதியம் ஒரு மணிக்கு நாய் எங்கே, யாரோடு?" என்று எழுதி, பதில் கிடைத்த பிறகே அந்த நாளின் மற்றத் திட்டங்களைப் போடுங்கள். பதில் எழுத முடியாத நாளை மாற்றிவிடுங்கள்.

சிறந்த வழி முறைவைத்துப் போவதுதான். ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் தடம் போய்வர 3 மைல், நிழலே இல்லை. விடியும் முன் போய் நிறுத்தினால் ஒருவர் ஏறி இறங்க இரண்டரை மணி நேரம். அதுவரை மற்றவர் வண்டியருகே நாயோடு. மறுநாள் அடுத்தவர். ஸையனிலும் இதே முறைதான்: ஒருவர் முதல் ஷட்டிலில் போக, மற்றவர் பாரூஸ் தடத்தில். அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்கிற பாறைமுகட்டில் ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச்சீட்டு வேண்டும். நீங்கள் இருவரும் வெவ்வேறு நாளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இருவரும் சேர்ந்து போயே ஆகவேண்டிய தடம் ஒன்றிரண்டு இருக்குமானால் நாய் காப்பகத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள்ளேயே காப்பகம் இருக்கிறது, தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், முன்பதிவு நல்லது. ஸையன், மோவாப் பக்கத்து ஊர்களில் தனியார் காப்பகங்கள் உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றின் காகிதப் பிரதி ஒன்று வண்டியில் இருக்கட்டும், கைபேசிப் படத்தை நம்பினால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது.

ஏசியைப் போட்டு நாயை வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகலாமா?

குளிர்ந்த நாளில், மின் இணைப்புள்ள முகாமில், ஓரிரு மணி நேரம் என்றால் சரி, அந்த முகாமின் விதி அதை அனுமதிக்கும்பட்சத்தில். நுழைவுச்சாவடியில் கேட்டுவிடுங்கள், முகாமுக்கு முகாம் மாறும். வெயில் நாளில் விட்டுப் போகாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "ஏசி ஓடுகிறதே" என்கிற நம்பிக்கைதான் நாய்களைக் கொல்கிறது.

வெளியே 29 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 39, அரை மணியில் 49 டிகிரி ஆகிவிடும். ஆர்.வி. பெரிதாக இருப்பதால் ஏறும் வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் சுவர் மெல்லியது, கண்ணாடி அதிகம். ஏசி நின்ற பிறகு நாய்க்கு மிஞ்சுவது மிகச் சொற்ப நேரம்.

ஏசி ஏன் நிற்கிறது? 25 அடி வண்டிக்குப் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏசிக்கு ஏறக்குறைய 1,500 வாட் போகும், மின்சாரத்தில் ஓடும் வெந்நீர் ஹீட்டருக்கு 1,400. இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவ் போல இன்னொன்றும் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். இதை நீங்கள் சமாளிக்கலாம்: கிளம்பும் முன் ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அணையுங்கள். உங்கள் கையில் இல்லாதது இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்கு முகாம் முழுவதும் ஏசி ஓடும்போது முகாமின் இணைப்புக் கம்பத்தில் மின்னழுத்தம் 105 வோல்ட்டுக்குக் கீழே விழலாம். பாதுகாப்புக் கருவி வைத்திருந்தால் அது கம்ப்ரசரைக் காப்பாற்ற மின்சாரத்தைத் துண்டிக்கும். வைத்திருக்காவிட்டால் கம்ப்ரசர் திணறி நிற்கும். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

கைபேசிக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானி வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். வாங்குங்கள், ஆனால் ஸையன் பள்ளத்தாக்கில் உங்களிடமும் சிக்னல் இருக்காது. எச்சரிக்கை வந்தாலும் ஷட்டிலில் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும்.

மின் இணைப்பில்லாத முகாமில் ஜெனரேட்டரை நம்பவே முடியாது. பல பூங்கா முகாம்களில் காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி மட்டும் ஓட்டலாம், நடுமதியம் கிடையாது. ஸையனின் வாட்ச்மேன் முகாமில் சில வரிசைகளில் மின் இணைப்பு உண்டு, ஜெனரேட்டர் எந்நேரமும் தடை. இந்தச் சுற்றின் பூங்காக்களுக்குள் முழு இணைப்பு (மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும்) கிடைப்பது கிராண்ட் கேன்யனின் ட்ரெய்லர் வில்லேஜ் முகாமில் மட்டும்தான்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிவரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் ஸையனும் மோவாப்பும் 38 டிகிரியைத் தாண்டும். நாயோடு அந்த மாதங்களில் இந்தச் சுற்றே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

உயரத்தைக் கவனியுங்கள். ஸையன் பள்ளத்தாக்கும் மோவாப்பும் 4,000 அடி, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000, பிரைஸ் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி. ஒரே வாரத்தில் ஸையனில் பனியன் போட்டிருப்பீர்கள், பிரைஸில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். மே மாதத்திலும் இது நடக்கும். அன்றிரவு தண்ணீர்க் குழாயைக் கம்பத்திலிருந்து கழற்றி வடித்துவிட்டு உள்தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். இணைத்தே விட்டால் குழாயும் உறையும், அழுத்தச் சீராக்கியும் வெடிக்கும்.

எந்த அளவு வண்டி எடுக்கலாம்?

இருவருக்கும் ஒரு நாய்க்கும் 25 அடிக்குள் இருக்கும் சி வகுப்பு ஆர்.வி. (ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை நீட்டியிருக்கும் நடுத்தர வகை) போதும். நாய் சிறியதென்றால் 19 முதல் 22 அடி வேன் வகை இன்னும் வசதி. 30 அடிக்கு மேல் போனால் கிராண்ட் கேன்யனின் மேத்தர் முகாமில் இடமில்லை, பார்வை மேடைகளில் நிறுத்தவும் திண்டாடுவீர்கள். எரிபொருள் கேலனுக்கு 8 முதல் 10 மைல் வரும். 1,200 மைலுக்கு 120 முதல் 150 கேலன் என்று கணக்கு வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று வரியைத் தேடுங்கள்: நாய்க்கு அனுமதியும் சுத்தம்செய்யும் கட்டணமும், மண்சாலைத் தடை, கோடையில் டெத் வேலி தடை. பிறகு வண்டியின் உண்மையான உயரம், அகலம், நீளத்தை எழுதி ஓட்டுநர் கண்முன் ஒட்டிவையுங்கள். கூரை ஏசியையும் பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்த அளவு.

ஸையன் சுரங்கப்பாதையில் போக முடியுமா?

பெரும்பாலான ஆர்.வி.க்களுக்கு முடியாது. 1930இல் திறந்த அந்தச் சுரங்கம் 1.1 மைல் நீளம், வளைவான கூரை, குறுகல். முன்பெல்லாம் கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப்போக்குவரத்தை நிறுத்திப் பெரிய வண்டியை நடுவில் விடுவார்கள். 2026 ஜூன் முதல் பெரிய வண்டிகளுக்கு அந்தச் சாலையே இல்லை என்று பூங்கா அறிவித்தது. எல்லை: உயரம் 11 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 10 அங்குலம், நீளம் 35 அடி 9 அங்குலம். சி வகுப்பு வண்டி நீளத்தில் தப்பினாலும் அகலத்தில் மாட்டிக்கொள்ளும், கண்ணாடிகளையும் சேர்த்து அளப்பதால். பழைய பயணக் குறிப்புகளில் "15 டாலர் கட்டினால் விடுவார்கள்" என்று இன்னும் இருக்கும், நம்பாதீர்கள்.

மாற்றுவழி: ஸ்பிரிங்டேலிலிருந்து ஹரிக்கேனுக்குத் திரும்பி, யூட்டா 59, அரிசோனா 389 வழியாக ஃப்ரெடோனியா, கனாப், பிறகு 89ஆம் எண் நெடுஞ்சாலை. பிரைஸுக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடும். கனாப் தாண்டியதும் கோரல் பிங்க் மணல்மேடுகளுக்குத் திரும்பலாம், நாய் காலாற ஓர் இடம் கிடைத்தமாதிரியும் ஆகும்.

வேறு எந்தச் சாலைகளில் கவனம் தேவை?

பிரைஸிலிருந்து கேப்பிடல் ரீஃப் போகும் 12ஆம் எண் சாலை அழகில் ஒப்பில்லாதது, ஆர்.வி. போகலாம். போல்டர் ஊருக்கு முன்னால் இருபுறமும் பள்ளமான ஒற்றைமேட்டு வழி, 14 சதவீதச் சரிவுகள், பிறகு 9,600 அடி உயரத்துக்கு ஏற்றம். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைக்கொண்டே வேகத்தை அடக்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காமலே போகும். கருகல் வாடை வந்தால் நிறுத்தி 20 நிமிடமாவது ஆறவிடுங்கள். காற்று வேகமாக அடிக்கும் நாளில் அந்த மேட்டைத் தள்ளிப்போடுங்கள்.

மோவாப்பிலிருந்து கிராண்ட் கேன்யன் 320 மைல். ஜி.பி.எஸ். சில நேரம் 261ஆம் எண் சாலையில் மோக்கி டக்வே வழியாகக் காட்டும். மண்சாலை, கொண்டையூசி வளைவுகள், ஆர்.வி.க்கு ஆகாது. 163ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு விலகாதீர்கள். மான்யுமென்ட் வேலியின் 17 மைல் உள்சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதியில்லை, மேலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாடகை வண்டியின் டயர் அழுத்தத்தைக் காலையில், சக்கரம் உருளும் முன், நீங்களே பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்றும் அதிக பாரமும், சூடான சாலை அதை முடித்துவைக்கிறது. பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்சக்கரத்தை யாரும் பார்ப்பதில்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டி ஓடும்போது நாய் எங்கே இருக்க வேண்டும்?

சீட்பெல்ட் உள்ள உணவு மேசை இருக்கையில், மார்புக்கச்சை போட்டு பெல்ட்டோடு இணைத்து. கழுத்துப்பட்டையில் இணைக்காதீர்கள், திடீர்ப் பிரேக்கில் கழுத்து முறியும். தரையோடு கட்டிய கூண்டும் சரி. முன்சீட்டில் மடியில் வைத்தால் ஏர்பேக் விரியும்போது நாய்தான் முதலில் அடிவாங்கும்.

வெளியே தள்ளும் சுவர்ப்பகுதி உள்ள வண்டியில், பொத்தானை அழுத்தும் முன் ஒருவர் நாயைக் கையில் பிடித்து வெளியே நிற்க வேண்டும். அந்தச் சுவர் உள்ளே வரும்போது அடியில் கால் மாட்டினால் நிறுத்த நேரம் இருக்காது. இதில் மட்டும் விதிவிலக்கே வேண்டாம். வண்டிப் படிகள் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் பல நாய்கள் ஏற மறுக்கும். படிக்குச் சுற்றும் கம்பளத் துண்டு மூன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது. பயணத்துக்கு முன் ஊருக்குப் பக்கத்தில் இரண்டு இரவு தங்கிப் பழக்குங்கள். ஜெனரேட்டர் சத்தம், சுவர் நகரும் சத்தம், கேஸ் ஹீட்டர் பற்றும் சத்தம் மூன்றும் நாய்க்குப் புதிது.

தண்ணீரும் கழிவும் எப்படிச் சமாளிப்பது?

25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 40 கேலன், கழுவிய நீருக்கும் கழிப்பறைக் கழிவுக்கும் தனித்தனித் தொட்டி. சிக்கனமாக இருந்தால் இருவருக்கும் நாய்க்கும் மூன்று, நான்கு நாள். டெட் ஹார்ஸ் பாயின்ட்டில் மின்சாரம் உண்டு, தண்ணீர் லாரியில் வருவதால் தொட்டியை மோவாப்பிலேயே நிரப்பிக்கொண்டு போகச் சொல்வார்கள். நிரப்ப, குடிநீருக்கென்றே உள்ள வெள்ளை அல்லது நீலக் குழாயைப் பயன்படுத்துங்கள். கம்பத்தில் நேரடியாக இணைக்கும்போது 45 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தச் சீராக்கியை முதலில் மாட்டுங்கள், இல்லையென்றால் வண்டிக்குள் எங்கோ ஓர் இணைப்பு கசியத் தொடங்கி, தரை ஊறிய பிறகுதான் தெரியும்.

கழிவு இறக்குவது பயப்படுகிற அளவுக்கு இல்லை. கையுறை, 3 அங்குலக் குழாய், வளைமுனை. குழாயை வண்டியில் பூட்டி, மறுமுனையைத் தரைத்துளையில் அழுத்திவைத்து அதன்மேல் ஒரு கல். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறங்கள், முழுக்க வடிந்ததும் மூடுங்கள். பிறகு கழுவிய நீர்த் தொட்டி. அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். கடைசியில் கழிப்பறை வழியாக ஏழெட்டு லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றுங்கள். முழு இணைப்புள்ள முகாமில் கழிப்பறை வால்வைத் திறந்தே வைப்பது பெரிய தவறு: நீர் ஓடிவிடும், திடக்கழிவு கூம்பாகக் காய்ந்து நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகே திறங்கள்.

நாயின் கழிவைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பையோடு கழிப்பறையில் போட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

முன்பதிவும் கட்டணமும்?

பூங்கா முகாம்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 6 மாதம் முன்பு திறக்கும். வாட்ச்மேனும் மேத்தரும் திறந்த சில நிமிடங்களில் நிறைந்துவிடுகின்றன, ஆகவே அவற்றை முதலில் பிடித்துவிட்டு மற்ற நாட்களைச் சுற்றிலும் அடுக்குங்கள். ஃப்ரூட்டாவில் 71 இடங்கள், மின் இணைப்பில்லை. ஆண்டு அனுமதிச்சீட்டு அமெரிக்காவில் குடியிருப்போருக்கு 80 டாலர். 2026 ஜனவரி முதல் அங்கே குடியிராத வெளிநாட்டவருக்கு 250 டாலர். ஆண்டுச்சீட்டு இல்லாமல் வரும், 16 வயதோ அதற்கு மேலோ ஆன அப்படிப்பட்ட வெளிநாட்டவருக்கு 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல். ஸையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அதில் அடக்கம். நாய்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

நாய்க்கு என்னென்ன ஆபத்து?

முதலில் வெப்பம். விடாத மூச்சிரைப்பு, பிசினாக எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம். இதில் இரண்டைப் பார்த்தாலே நடையை நிறுத்துங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், கிடைத்த தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடையிடுக்கில் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். குளிர்விக்கத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் ஓட்டுங்கள். நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2, 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இயல்புக்கும் கீழே விழுந்துவிடும், அதுவும் கேடு. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதெல்லாம் பாதி வெயிலிலேயே வரும்.

சாதாரண நாளில் கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் போதும். பாலைவனத்தில் இரண்டு, மூன்று மடங்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு நடைநாளில் 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தார்மேல் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

ஸையனின் வர்ஜின் ஆற்றில் நாயை இறக்காதீர்கள், குடிக்கவும் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சால் 2020 ஜூலையில் ஒரு நாய்க்குட்டி அங்கே இறந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். பாசி அடிக்கல்லில் ஒட்டியிருக்கும்.

பிரைஸில் புல்வெளி நாய்கள் என்று அழைக்கப்படும் அணில்வகை வளை தோண்டி வாழ்கிறது. அவற்றின் தெள்ளுகள் பிளேக் கிருமியைச் சுமக்கலாம். வளையருகே முகர விடாமல், கிளம்பும் முன்பே தெள்ளுக்கும் உண்ணிக்கும் மருந்து கொடுத்துவிடுங்கள். கள்ளி முள் குத்தினால் கையால் பிடுங்க வேண்டாம், உங்கள் விரலுக்கு மாறிவிடும். சீப்பை உள்ளே செருகி வெடுக்கென்று தள்ளி, மிச்சத்தை இடுக்கியால் எடுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம். தங்கும் ஒவ்வோர் ஊருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கிளம்பும் முன் தாளில் எழுதிவையுங்கள்.

வண்டியில் நம் சமையல்? நாய்க்கும் அதையே போடலாமா?

பிரைஸ் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. குக்கர் கொண்டுபோங்கள், ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். தாளிப்பை வெளி அடுப்பில் வைத்துக்கொண்டால் புகை எச்சரிக்கை அலறாது, நாயும் மிரளாது.

நாய்க்கு நம் தட்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கின்றன, வெந்தாலும் பொடியானாலும் அதே கேடுதான். ஆகவே சாம்பார், ரசம், குழம்பு சேர்த்த சோறு கூடாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் சேர்த்துத்தான். வெறும் சோறும் உப்பில்லாத தயிரும் கொஞ்சம் கொடுக்கலாம். வழக்கமான உணவையே முழுப் பயணத்துக்கும் எடுத்துவந்தால் வயிற்றுப்போக்கு வராது. சாப்பிட்ட தட்டையும் தீவனப் பையையும் இரவில் வெளியே விடாதீர்கள், அணிலும் காக்கையும் வரும்.

நேரக் குழப்பம் என்கிறார்களே?

கோடைநேரத்தில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி முன்னால். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ நிலம் மாற்றுகிறது. மோவாப்பிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் நாளில் கைபேசிக் கடிகாரம் தாவும். காப்பகத்தில் நாயை எடுக்கும் நேரத்தைக் கிராண்ட் கேன்யன் நேரமாகவே குறித்துக்கொள்ளுங்கள்.